சட்டையில் எழுதிய பெயர்

மருந்துக் குப்பி சுண்டுவிரல் உயரம்தான் இருந்தது. அதில் முதல்வர் படத்தை ஒட்டினால் மூக்கும் மீசையும் மட்டும்தான் தெரியும் என்பது அரசின் முதல் கவலை. குழந்தைகள் பிழைப்பார்களா என்பது இரண்டாவது கவலை. அதைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருந்தோம்.

நாங்கள் என்றால் மறைமலைநகரைத் தாண்டி, மூடிப்போன சைக்கிள் டயர் கம்பெனியின் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த அரசு மரபணு மருந்து நிலையம். நான் அதன் தலைமை விஞ்ஞானி திலகவதி. படத்தைப் பற்றிய கவலையோடு என்னைப் பார்க்க வந்தவர் சுகாதாரத் துறையின் துணைச் செயலாளர் பரஞ்சோதி. இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் சேர்த்து ஏழு அமைச்சர்களிடம் வேலை பார்த்தவர், ஒருவரிடமும் திட்டு வாங்காதவர். எதையும் மறுக்க மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். 'மேல கேட்டுச் சொல்றேன்' என்பார். மேலே யாரும் இல்லாத நாளிலும் அதைத்தான் சொல்வார்.

"மேடம், டிவி குடுத்தோம், அதுல படம் இருந்துச்சு. மிக்ஸி குடுத்தோம், ஜார் மேல படம். வெள்ளத்துல குடுத்த தண்ணி பாட்டில்லகூட படம். இந்த மருந்துக்கு மட்டும் எங்க ஒட்டறதுன்னே தெரியல. ஊசி போட்டதும் நர்ஸம்மா குப்பியத் தூக்கிக் கடாசிடுவாங்க. அப்புறம் யாரு குடுத்தாங்கன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிள்ளை பிழைச்சா தெரியாதா சார்?"

"அந்தப் பேரு டாக்டருக்குப் போயிடும் மேடம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பிறகுதான், மூன்று வருடமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கோப்பில் இருப்பது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். "வைரஸா? வைரஸையா குழந்தைக்குப் போடறோம்?" என்று நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பல்லைப் பிடுங்கின வைரஸ் சார். ரெட்ரோ வைரஸ்னு ஒரு வகை. உடம்புல நுழைஞ்சா தன்னோட சரக்க நம்ம மரபணுவுக்குள்ளயே தைச்சு வச்சிடும். நாங்க அதோட சரக்கத் தூக்கிப் போட்டுட்டு, தலசீமியாப் பிள்ளைங்களுக்கு எந்த மரபணு கெட்டுப்போயிருக்கோ அதோட நல்ல நகல உள்ள வச்சிருக்கோம். அது போய்த் தைச்சிட்டா பிள்ளை உடம்பே நல்ல ரத்தம் ஊறவைக்கும். மூணு வாரத்துக்கு ஒருதரம் அடுத்தவங்க ரத்தம் ஏத்த வேண்டியதில்ல."

"அப்ப சிக்கல் என்ன?"

"அது கண்ட செல்லுலயும் நுழையும். எந்தக் கதவத் தட்டணும்னு முடிவு பண்றது அதோட மேல்சட்டை, உறைப் புரதம். அதனால அந்தச் சட்டையக் கழட்டிட்டு வேற ஒரு வைரஸோட சட்டையப் போட்டோம். அதையும் கொஞ்சம் வெட்டித் தைச்சோம். இப்ப எலும்பு மஜ்ஜையத் தவிர வேற எங்கயும் போகாது."

பரஞ்சோதி யோசித்தார். "அதாவது கட்சி மாறி வந்தவர் மாதிரி. ஆளு பழைய ஆளு, தோள்ல மட்டும் புதுத் துண்டு."

இருபத்தைந்து வருடமாக நான் மாணவர்களுக்கு நடத்தும் பாடத்தை அந்த மனிதர் ஒரு வரியில் முடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வாயும் திறந்துகொண்டது. "வேணும்னா அந்தத் துண்டுலயே தலைவர் பேர எழுதலாம் சார். புரதத்துல இருபது வகை அமினோ அமிலம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கு. சட்டை நுனியில வால் மாதிரி நீட்டி எழுதிட்டா, குழந்தை உடம்புக்குள்ளயே பேர் போயிடும்" என்றேன்.

"நெஜமாவே முடியுமா?"

"முடியும். யாருக்கு வேணும்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் கேடு நுணலோடு போகும். நான் கெடுத்தது அப்படிப் போகவில்லை.

பதினாறாம் நாள் அரசாணை வந்தது. மேற்படி நச்சுயிரியின் உறைப் புரதத்தில் மாண்புமிகு முதல்வரின் சிறப்புப் பெயர் பொறிக்கப்பட வேண்டும். பொறிக்கப்பட்டமைக்கு ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் தலைமை விஞ்ஞானி சான்றிதழ் அளிக்க வேண்டும். அப்போதைய முதல்வரை நாடு முழுக்க 'வாகைவேந்தர்' என்றுதான் சொல்வார்கள். பெற்ற தாய் வைத்த பெயர் வேட்புமனுவில் மட்டும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பட்டத்தின் எழுத்துகள் அத்தனையும் புரத எழுத்துகளில் இருந்தன. இதைக் கேள்விப்பட்ட கட்சி நாளேடு, உயிர்கள் தோன்றிய காலத்திலேயே இயற்கை தலைவரை எதிர்பார்த்துக் காத்திருந்ததாக எழுதியது.

நான் மறுத்திருக்கலாம். வால் நீட்டினாலும் எலிகளிடம் மருந்து வேலை செய்தது. நிதியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. பெயர்தானே, எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். சொல்லப்போனால், அந்த வாலை வளையாமல் நெளியாமல் நிமிர்ந்து நிற்க வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தென்காசியில் தொடக்க விழா. முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். வரவேற்புரை, தலைமையுரை, ஒன்பது பேர் வாழ்த்துரை. குளிர்பெட்டியைத் திறந்து நாலு மணி நேரத்துக்குள் மருந்தைப் போட்டாக வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், பெட்டியைத் திறப்பதையே விழாவின் கடைசி நிகழ்ச்சியாக வைத்திருந்தார்கள். அந்த மட்டும் என் பேச்சைக் கேட்டார்கள்.

நாற்பத்தோராவது குழந்தை இசக்கி, நாலு வயது. ஆலங்குளத்தில் பீடி சுற்றும் பேச்சியம்மாளின் மகள். அப்பா கேரளத்தில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர், போனவர்தான். இருபது நாளுக்கு ஒரு முறை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, ரத்தம் ஏற்றி, சாயங்காலம் திரும்பி வந்து விட்ட பீடியைச் சுற்றி முடிக்கும் பெண் பேச்சியம்மாள். ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்து எனக்கு போன் செய்தாள்.

"டாக்டரம்மா, பிள்ள தெருவுல ஓடுதா. நான் பொறத்தால ஓடிப் பிடிக்க முடியல."

"விடுங்க, ஓடட்டும்."

"ஓடட்டும், ஓடட்டும். சும்மா உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கு யார் வந்து கேட்டிருந்தாலும் வைரஸின் நெற்றியில் பட்டைகூட இட்டுக் கொடுத்திருப்பேன்.

ஐந்து வருடம் போனது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், மருந்து வளரவில்லை. வைரஸ் எட்டிய செல்கள் கொஞ்சம், எட்டாத செல்கள் நிறைய. உடம்பு பெரிதாகப் பெரிதாக நல்ல ரத்தத்தின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. இன்னொரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். முதலில் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது ஊசியில் எலிகள் வரிசையாகச் செத்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. பரஞ்சோதியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உடம்பு மருந்தப் பார்க்கல சார், பேரத்தான் பார்த்திருக்கு."

"எப்படி மேடம்?"

"சட்டை நுனியில நீட்டிக்கிட்டு நிக்கிறது பேர்தானே? உடம்போட காவலுக்கு அதுதான் கண்ணுல பட்டிருக்கு. பேர மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. அதே பேரோட இன்னொரு தடவை வந்தா அடிச்சு விரட்டுது. அந்த அடிதடியில பிள்ளையே போயிடும்."

"பேர் இல்லாம போட்டா?"

"போட்டுப் பார்த்தாச்சு. உடம்பு திரும்பிக்கூடப் பார்க்கல. எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம். பிள்ளைங்களுக்குப் போடற தரத்துலயே பன்னண்டு குப்பி தயாரா வச்சிருக்கேன்."

பரஞ்சோதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாகைவேந்தர் பேரு ரத்தத்துக்கு ஒத்துக்கலைன்னு எழுதப் போறீங்க. தேர்தலுக்கு ஆறு மாசம் இருக்கும்போது. மேல கேட்டுச் சொல்றேன் மேடம். எதுக்கும் நீங்க ரைட்டிங்ல குடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு பக்கம். பெயரை நீக்க வேண்டும், நீக்கும்வரை இரண்டாம் ஊசி கூடாது என்று தடித்த எழுத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கினேன். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பிராயச்சித்தம் கிடையாது. கங்கையில் முழுகினாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பாவம், 'எழுதிக் குடுத்துட்டேன்' என்றால் போய்விடும்.

அறிக்கை மேலே போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. அதற்குள் வாகைவேந்தரின் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாளுக்கு இரண்டாம் ஊசி முகாம் என்று அறிவித்துவிட்டார்கள். பெயர் எழுதிய குப்பிகளோடு தென்காசிக்கு வரும்படி எனக்கு உத்தரவு. பரஞ்சோதியிடம் கேட்டேன். "உங்க அறிக்கை பரிசீலனையில இருக்கு மேடம். அதுக்காக முகாமை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரலியே" என்றார். போனேன். பெயர் இல்லாத பன்னிரண்டு குப்பிகளும் அதே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தன. அவற்றை ஏன் எடுத்துப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. கடைசி நிமிடத்தில் உத்தரவு மாறினால் உதவும் என்று நினைத்திருப்பேன். உத்தரவு மாறவில்லை.

வரிசையில் முதல் பையன் மாசானம், பத்து வயது. செங்கோட்டை ஆட்டோக்காரர் சுப்பையாவின் மகன். ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒண்ணு ரெண்டு எண்ணிச் சொல்லிட்டுப் போடுங்க" என்றான். எண்ணிவிட்டுத்தான் போட்டோம். அரை மணி நேரத்தில் உடம்பு கொதித்தது. நான் முகாமை நிறுத்தினேன். அதற்கு மட்டும் எனக்கு அதிகாரம் இருந்தது, அதாவது ஒரு பிள்ளை விழுந்த பிறகு. மூன்றாம் நாள் மாசானம் இறந்துபோனான். அந்த வரிசையில் நாலாவதாக நின்றவள் இசக்கி.

பையனுக்கு ஏற்கெனவே இருந்த உடல்நலக் குறைவே காரணம் என்றது விசாரணைக் குழு. அந்த அறிக்கையில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. பரஞ்சோதி என்னைத் தேற்றினார். "உங்க மேல ஒரு தப்பும் கிடையாது மேடம். நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்களே." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் தூங்கினேன்.

தேர்தலில் வாகைவேந்தர் தோற்றார். மாசானத்துக்காக அல்ல, பால் விலைக்காக. புது முதல்வருக்கு 'அருட்கொண்டல்' என்று பட்டம். பதவியேற்ற மேடையிலேயே ஏழு கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். அதில் ஐந்தாவது, வைரஸின் சட்டையிலிருந்து பழைய பெயரை அகற்றும் உத்தரவு. ஆறு மாதம் நான் கெஞ்சிக் கிடைக்காதது ஒரே கையெழுத்தில் கிடைத்தது. நான் கைகூப்பிக்கொண்டே படித்தேன். ஆறாவது கோப்பு, அந்த இடத்தில் புதுப் பெயரை எழுதும் உத்தரவு.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அந்தப் பட்டத்தை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் இரண்டு எழுத்துகள் புரத எழுத்துகளில் கிடையாது. இது எதிர்க்கட்சியின் சதி என்றார் மாவட்டச் செயலாளர் ஒருவர். இயற்கையில் அப்படி என்று விளக்கினேன். இயற்கையில் இன்னும் அவர்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்று சந்தேகத்தோடு கேட்டார். கடைசியில் தியாகராய நகரிலிருந்து எண்கணித ஜோதிடர் ஒருவர் என் ஆய்வகத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து, வேறு இரண்டு எழுத்துகளைப் போட்டுக் கொடுத்தார். கூட்டுத்தொகை இப்போதுதான் இன்னும் அமோகமாக வருகிறது என்றார்.

பிள்ளைகளின் உடம்புக்கு அந்தப் பெயர் புதிது. முந்நூற்றுப் பதினோரு பேருக்கும் இரண்டாம் ஊசி ஒரு காய்ச்சல்கூட இல்லாமல் பிடித்துக்கொண்டது. வாகைவேந்தர் பெயர் கொன்றது, அருட்கொண்டல் பெயர் காத்தது என்று தெருவெல்லாம் சுவரொட்டி. அறிவியல் ரீதியாக அதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. இசக்கிக்கு ஒன்பது வயது. மறுபடி ஓடினாள்.

அடுத்த ஐந்து வருடத்தில் இரண்டாம் ஊசியின் பலனும் தேய்ந்தது, பெற்றோர்களுக்கு அரசியலும் அத்துப்படி ஆகிவிட்டது. பிள்ளைகளின் உடம்பு இப்போது இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இவர் ஜெயித்தாலும் அடி, அவர் ஜெயித்தாலும் அடி. மூன்றாம் ஊசி ஏற வேண்டும் என்றால் மூன்றாவது அணி ஆட்சிக்கு வர வேண்டும். நம் ஊரில் மூன்றாவது அணி என்பது தேர்தலுக்குத் தேர்தல் புறப்பட்டு டெபாசிட்டை விட்டுவிட்டு வரும் யாத்திரை. ஆலங்குளத்தில் அந்த அணி வேட்பாளருக்குக் கொள்கை என்று ஒன்று இருந்ததா என்பது அவருக்கே தெரியாது. பேச்சியம்மாள் பகலெல்லாம் பீடி சுற்றிவிட்டுச் சாயங்காலம் அவருடைய நோட்டீஸைத் தெருத்தெருவாகக் கொடுத்தாள். முன்பு நானூறு ஓட்டு வாங்கியவர் அந்த முறை ஆயிரத்து நூறு வாங்கினார். அலை அடிக்கிறது என்று பேட்டி கொடுத்தார்.

வாகைவேந்தரின் கட்சி மறுபடி வந்தது. அவர் இடையிலேயே காலமாகிவிட்டதால் மகன் முதல்வரானார். மகனுக்கு வேறு பெயர் என்பதால் எங்களுக்கு இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் முதல் கையெழுத்து வந்தது. தந்தையின் பெயரை அழித்த பாதகத்துக்குப் பரிகாரமாக, வைரஸின் சட்டையில் மீண்டும் 'வாகைவேந்தர்'. மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே மெச்சியது.

இந்த முறை காத்திருக்க நேரம் இல்லை. இசக்கிக்குப் பதினாலு வயது. மாதக்கணக்கில் ஏற்றிய ரத்தத்தில் அவள் உடம்பு பிடிவாதம் பிடித்து, இனி யாருடைய ரத்தமும் சேராது என்ற நிலைக்கு வந்திருந்தது. பத்து அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள்.

அப்போது பேச்சியம்மாள் ஒரு யோசனை சொன்னாள். "பேருதானே டாக்டரம்மா மாறணும், ஆளு எதுக்கு மாறணும்? இவுகளுக்குப் புதுசா ஒரு பட்டம் குடுத்துருவோம். புதுப் பட்டத்தப் போடாம இருப்பாவளா?"

நான் அசந்துபோனேன். மேலேயும் கேட்டுச் சொன்னார்கள், சரி என்று. தென்காசியில் பெற்றோர் சங்கத்தின் பாராட்டு விழா. 'மழலை காத்த மாமணி' என்ற பட்டத்தைத் தட்டில் வைத்து, மூச்சு வாங்க மேடை ஏறிய இசக்கி முதல்வர் கையில் கொடுத்தாள். முதல்வர் தட்டை வாங்கினார், கண் கலங்கினார், மைக்கைப் பிடித்தார். இந்தப் பட்டத்துக்குத் தான் தகுதியானவன் அல்ல என்றும், இதைத் தந்தையின் காலடியில் காணிக்கையாக்குகிறேன் என்றும், மருந்தில் என்றென்றும் அவர் பெயர்தான் இருக்கும் என்றும் சொன்னார். கைதட்டல் நிற்க ஐந்து நிமிடம் ஆனது. நம் தலைவர்கள் தன்னடக்கத்தால் யாரையும் கொன்றதாக அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் காலை பேச்சியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி என் நிலையத்துக்கே வந்துவிட்டாள். இசக்கியை வெளி பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. கோவப்படப்பிடாது."

"கேளுங்க."

"மருந்துல பேரு எழுதியிருக்குன்னு சொல்லுதாவளே, அத யாரு பாக்காவ? மந்திரி பாப்பாவளா?"

"அவரால முடியாது. கண்ணுக்குத் தெரியாத பேர் அது."

"அந்தப் பரஞ்சோதி சாரு?"

"அவராலயும் முடியாது. அதுக்குன்னு பெரிய மெஷின் வேணும். இந்த நிலையத்துல மட்டும்தான் இருக்கு."

"அப்ப நீங்க மட்டுந்தான் பாப்பிய."

"நான் மட்டும்தான். பார்த்துட்டு, பேர் இருக்குன்னு சான்றிதழ் எழுதிக் குடுப்பேன்."

"நாங்க பீடிக் கட்டக் கொண்டு போனா செக்கரு பிரிச்சு எண்ணுவாரு. ஒண்ணு கொறஞ்சாலும் கட்டக் கழிச்சுருவாரு. ஒங்க கட்டப் பிரிச்சுப் பாக்க ஆளே இல்லியே. பேரு எழுதாம, எழுதியிருக்குன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

நான் இரண்டு நாடுகளில் படித்தவள். வைரஸின் சட்டையை நூல் நூலாகப் பிரித்துத் தைக்கத் தெரிந்தவள். பத்து வருடத்தில் இந்தக் கேள்வி ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. எழுத்தில் உத்தரவு வந்தது, எழுதியபடி செய்தேன். பிடிக்காதபோது எழுத்திலேயே மறுப்பும் கொடுத்துவிட்டு, அப்புறமும் எழுதியபடியே செய்தேன்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

அவள் வெளியே பெஞ்சைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் செங்கோட்டைப் பையனுக்குப் போட்டப்பவும்?"

"அப்பவும் தெரிஞ்சிருக்காது. பேரில்லாத குப்பி பன்னண்டு அன்னைக்குப் பெட்டிக்குள்ளயே இருந்துச்சு."

அதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன். என்னை வைவாள் என்று எதிர்பார்த்தேன், வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம் பிள்ளைக்கு என்னைக்குப் போடுவிய?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு வாரம் குடுங்க."

மூன்று வாரத்தில் வால் இல்லாத சட்டையோடு புதுத் தொகுதி தயாரானது. பெட்டியின் ஆறு பக்கமும் வாகைவேந்தர் படம், எப்போதையும்விடப் பெரிதாக. சான்றிதழில் 'உறைப் புரதத்தில் பெயர் முழுமையாகப் பொறிக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்த பரஞ்சோதி அதை வாங்கி, எழுத்தைப் படிக்காமல் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

"பேரு கரெக்டா இருக்குல்ல மேடம்?"

"இருக்கு சார்."

இவ்வளவுதான். நாக்கு ஒரு தடவை புரண்டால் போதுமாக இருந்தது.

தென்காசி முகாமில் இசக்கிக்குத்தான் முதல் ஊசி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு இன்னும் அரை மணி நேரம். உடம்பு சுடவே இல்லை. பேச்சியம்மாள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கடைசியில் அவளே அலுத்துப்போய் டீ குடிக்கப் போனாள்.

மத்தியானம், நடக்க முடியாத பிள்ளைகளை ரயில் நிலையத்திலிருந்து முகாமுக்கு ஏற்றிவந்து கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். எங்கோ பார்த்த முகமாக இருந்தது. சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சுப்பையா.

"மாசானத்தோட அப்பா டாக்டரம்மா. பரஞ்சோதி சாரு எல்லாம் சொன்னாவ. அன்னைக்கு ஊசி போடக் கூடாதுன்னு நீங்க ஒராளுதான் எழுதிக் குடுத்தியளாம். முப்பது பக்கத்துக்கு மேல எழுதுனியளாம்" என்று என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் பையனுக்காவ அவ்வளவு பாடுபட்ட ஆளு இந்த ஒலகத்துல நீங்க மட்டுந்தான். நீங்க நல்லாருக்கணும்."

அன்றைக்குப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்த பன்னிரண்டு குப்பிகளைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் வரிசையில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள், இன்னும் இருநூற்றுச் சொச்சம் குப்பிகள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அது நியாயமான காரணம்தான். ஆனால் நான் பேசாமல் நின்றது அந்தக் காரணத்துக்காக இல்லை.

"ஆகட்டும் சுப்பையா அண்ணாச்சி" என்றேன். அவர் அடுத்த பிள்ளையை ஏற்றிவரப் போனார்.